குனிந்த தலையும் பிளாஸ்டிக் ஸ்டூலும்

அந்தப் பெண் சம்மதித்துத்தான் தலையைக் குனிந்தாளா என்பதுதான் எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஓடிய சண்டை. அவள் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஏழு மணி சீரியலின் கதாநாயகி. அவளுக்காக நான் என் நாத்தனாரோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

காட்சி இதுதான். கல்யாண மேடை. அவள் மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வேறொரு மாப்பிள்ளை. கதாநாயகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி, தட்டில் இருந்த தாலியை எடுத்து அவள் கழுத்தில் கட்டிவிடுகிறான். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் "என் பின்னால் வராதே" என்று அவனைத் துரத்தியவள் அவள். மேடையில் அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. தலை குனிகிறது. அதை மெதுவாக ஓட்டி, மூன்று முறை காட்டி, நடுவில் அவள் சிரிக்கிற முகத்தையும் சேர்த்து, மேளத்தை நிறுத்தி வயலினை இழுத்துவிட்டு, தொடரும் போட்டுவிட்டார்கள்.

"பாத்தியா, குனிஞ்சிட்டா," என்றார் நாத்தனார். "மனசுல ஆச இல்லாமயா ஒரு பொண்ணு குனிவா?"

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் அவர் வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. கண்புரைக்கு ஆபரேஷன் செய்த கண்ணோடு அந்தப் பஞ்சுத் தூசியில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். கொஞ்ச நாளைக்கு டிவி பார்க்கக் கூடாது என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். அது மட்டும் அண்ணி காதில் விழவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிவிக்கு மூன்றடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"பயத்துலயும் தல குனியும் அண்ணி," என்றேன்.

"பயந்தவ மூஞ்சியா அது? நல்லா சிரிச்சிகினு கீறா."

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அந்தச் சிரிப்பு எங்கே செய்யப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அதைச் செய்வதுதான் என் பிழைப்பு.

மலையடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். முகூர்த்த நாளில் மலையைச் சுற்றியுள்ள மண்டபங்களில் ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று கல்யாணம் நடக்கும். எங்கள் பையன்கள் ஓடி ஓடி எடுத்து வருவார்கள். எல்லாக் கல்யாணத்திலும் ஒரே பிரச்சினை, தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் முகம் கிடைக்காது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் கையை நீட்டி அட்சதை போடுவார்கள், நாத்தனார் முடிச்சுப் போடக் குனிவார், யாராவது ஒரு சித்தப்பா கேமராவை மறைப்பார். கிடைக்கிற முகமும் தூக்கம் கெட்டு, புகையில் கண் கலங்கி, எதையோ யோசித்துக்கொண்டிருக்கும். அதை அப்படியே போட்டால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதனால் அரை மணி நேரம் முன்னால் தோழி ஏதோ கிண்டல் செய்தபோது அவள் சிரித்த சிரிப்பை வெட்டி எடுத்து, தாலி முடிச்சுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். நாதஸ்வரச் சத்தம் மேலே ஓடும்போது ஒருவருக்கும் தெரியாது. எத்தனை பெண்களுக்கு இப்படிச் சிரிப்பு ஒட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

மறுநாள் அந்தக் காட்சியை என் கைப்பேசியில் நிறுத்தி அண்ணியிடம் நீட்டினேன். "சிரிக்கிற முகத்துல பாருங்க, கழுத்துல மாலையே இல்ல. தாலி கட்டும்போது மாலை இருக்குது. சிரிச்சது வேற நேரம், கட்டினது வேற நேரம்."

அண்ணி கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி, ஆபரேஷன் செய்யாத கண்ணால் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியலம்மா, போ," என்றார்.

அம்மையார்குப்பத்தில் அவர் தெருவிலும் அதே சண்டைதான் என்று தினமும் தகவல் வந்தது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரி அவர் கட்சி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் மருமகள் என் கட்சி. யூடியூபில் அந்தக் காட்சிக்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இதுதான்டா காதல்" என்று ஒருவர் எழுதினால், "இதற்குப் பெயர் காதல் இல்லை, கேஸ்" என்று கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் யார் என்று தெரியாது, ஆனால் அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து டைரக்டரின் பேட்டி வந்தது. அண்ணிக்கு அதைக் கண்டுபிடித்து அனுப்பியது அவருடைய மகன். சமையல் மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டி, நான் வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை ஓடவிட்டார். அவள் தலை குனிவதுதான் அவளுடைய சம்மதம், அதை மனதில் வைத்துத்தான் அந்தக் காட்சியை எடுத்தேன், புரியாதவர்கள்தான் திட்டுகிறார்கள் என்று அந்த ஆள் சொன்னார்.

"எடுத்தவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல நீ இன்னா பேசுவே?" என்றார் அண்ணி.

"எடுத்தவரு மனசுல இருந்தது நமக்கு எப்படித் தெரியும்? திரையில இருக்கறதத்தான நம்ம பாக்கறோம்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சது அவுருக்குத் தெரியலையா?"

அதற்கு அடுத்த வாரம் அந்த நடிகையின் பேட்டி வந்தது. அதைக் கண்டுபிடித்தது நான். அந்தக் காட்சியில் அவளிடம் யாரும் குனியச் சொல்லவில்லையாம். காலையிலிருந்து போட்டிருந்த மாலை தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கனத்துப்போய், கழுத்து இழுத்ததாம். அதனால் குனிந்தாளாம். அப்புறம் பார்த்தால் அதையே மூன்று முறை போட்டுவிட்டார்கள் என்று சிரித்தாள். நான் அதைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து, இரண்டு முறை ஓடவிட்டேன்.

அண்ணி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "கழுத்து வலி நடிக்க வந்தவளுக்கு. கதையில வர பொண்ணுக்கு இல்ல. கதையில வர பொண்ணு சம்மதிச்சிட்டா."

உண்மையைச் சொல்ல வேண்டும், அது நல்ல வாதம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அண்ணி. அன்று முழுக்க ஸ்டூடியோவில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் வரவேற்பு வீடியோவுக்குப் பாட்டு ஒட்டிக்கொண்டே யோசித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன் பதிலைச் சொன்னேன்.

"சரி அண்ணி. கதையில வர பொண்ணு சம்மதிச்சான்னே வெச்சிக்குவோம். அது டைரக்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். கதையில வர பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் தாலிய எடுக்கும்போது அவ இன்னும் குனியவே இல்லையே."

கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பாலையில் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர், சண்டை என்றாலே பேப்பரை உயர்த்திக்கொள்வார். அன்று உயர்த்திய பேப்பரை இறக்கினார்.

"நீயே இப்படிப் பேசலாமா? அக்கா உனக்குப் பூ வெக்க வந்தப்ப நீ இன்னா பண்ணே?"

அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், அத்தக் கேளு. நான் கைய தூக்கறதுக்குள்ள குனிஞ்சிட்டா. இவ்ளோ ஆசையா ஒரு பொண்ணு குனிஞ்சி நான் பாத்ததே இல்ல."

எங்கள் பக்கம் பூ வைப்பது என்று ஒரு வழக்கம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பெண்ணின் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் தட்டு மாற்றிக்கொள்வார்கள், இனிப்பு கொடுப்பார்கள். பெண்ணிடம் வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. அவள் ஒதுங்காமல் நின்றால் சம்மதம். குனிந்து கொடுத்தால் ரொம்ப சம்மதம்.

நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். அண்ணி என் தோளுக்குக் கீழே. இருபத்து நான்கு வருடத்துக்கு முன் என் அப்பா வீட்டுக் கூடத்தில் அவர் மல்லிகைச் சரத்தோடு என் முன் வந்து நின்று, குதிகாலை உயர்த்தினார். எட்டவில்லை. இன்னும் உயர்த்தினார். சரம் கை நழுவி என் காதில் மாட்டியது. பாவமாக இருந்தது, குனிந்தேன். அவ்வளவுதான் நடந்தது. பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள், என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், தட்டு மாறிவிட்டது. அன்று காலையிலிருந்து நான் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எப்படியும் யாராவது என்னிடம் கேட்பார்கள், கேட்டால் "ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை. வாக்கியம் வாயிலேயே தங்கிவிட்டது.

அந்தக் குனிதலை என் கணவர் எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறார் தெரியுமா. யார் வீட்டுக் கல்யாணமானாலும் சாப்பிட்டுக் கை கழுவியபின் அந்தக் கதை வரும். தன் மனைவி தன் மேல் முதல் நாளே எவ்வளவு பிரியம் வைத்தாள் என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். யாராவது அந்தச் சிரிப்பையும் வெட்டி எங்கேயாவது ஒட்டியிருக்கலாம்.

அன்றும் அப்படித்தான் சிரித்தேன். உள்ளே போய் அரிசி களைந்தேன். அதற்கு மறுநாள்தான் அண்ணி அந்த யோசனையைச் சொன்னார்.

"நான் இங்கேயே கீறேன். வர வெள்ளிக்கிழம நாள் நல்லாகீது. பாப்பாவுக்குப் பூ வெச்சிட்டுப் போறேனே."

பாப்பா என்றது என் மகளை. வயது இருபத்து மூன்று. அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் ஆறரைக்கு வீடு வந்து சேருவாள். அண்ணியின் மகன் அவளுக்குப் பாவா முறை. கட்டிக்கொள்கிற முறைதான். நல்ல பையன், குடி கிடையாது, தறிக்குப் புது டிசைன் போடுவதில் கெட்டிக்காரன். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் கணவர் கேட்டதும் கேட்காததுமாகப் பஞ்சாங்கத்தை எடுத்தார். மகள் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். "ஓ," என்றாள். பையை மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

"ஒன்னும் சொல்லல பாரு. வெக்கம்," என்றார் அண்ணி.

மகள் துணி மடிக்கும்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"தெரியலம்மா. பாவான்னு சின்னதுலேர்ந்து பாத்துகினு இருக்கேன். கட்டிக்கறதப் பத்தி யோசிச்சதில்ல. யாராச்சும் கேட்டா யோசிக்கலாம்." பிறகு ஒரு சுடிதாரை உதறிக்கொண்டே, "வெள்ளிக்கிழம கேப்பாங்க இல்ல?" என்றாள்.

கூடம்தான் வேறு, அதே பூ, அதே அண்ணி. என் மகளும் என்னைப் போலவே யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறாள். அவள் என்னைவிட ஒரு அங்குலம் உயரம். அத்தை குங்குமம் வைக்க வந்தால் தன்னால் குனிகிற பெண்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி ஆட்டோ வைத்து மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, பூவும் பழமும் வாங்கி வந்தார். அவர் மகன் பைக்கில் வந்து, வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். வேறு யாரையும் கூப்பிடவில்லை. மகள் என் மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். அண்ணி சரத்தை எடுத்துக்கொண்டு அவள் முன் வந்தார். குதிகாலை உயர்த்தினார். எட்டவில்லை. மகள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு வழக்கம்போல் குனியப் போனாள்.

"குனியாத," என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. மகள் நிமிர்ந்துவிட்டாள். அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது.

"உயரம்தானே பிரச்சின? இரு இரு," என்று என் கணவர் பின்கட்டுக்கு ஓடினார். குளியலறையில் இருக்கும் நீல பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தார். "இதுல ஏறிக்கோக்கா. அவ குனிய வேணாம்."

இவ்வளவு வருடம் குடும்பம் நடத்தியவர், ஒரு மாதம் எங்கள் சண்டையைக் கேட்டவர், என் வார்த்தைக்கு ஸ்டூல் கொண்டுவந்தார். அண்ணி ஏறக் காலைத் தூக்கினார். நான் அந்த ஸ்டூலை இழுத்து, கூடத்துக்கு நடுவில் போட்டு, அதன் மேல் நானே உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னாமா பண்றே?" என்றார் அண்ணி.

"கேட்டுட்டு வைங்க அண்ணி. அவ வாயால சொல்லட்டும்."

"அவதான் நிக்கறாளே. புடவ கட்டிகினு வந்து நிக்கறா. இன்னா கேக்கணும்?"

"நானும் அப்படித்தான் நின்னேன். நீங்க ஆச, ஆசன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, நான் ஆசையில குனியல. உங்களுக்கு எட்டல, அதனால குனிஞ்சேன். சரம் என் காதுல மாட்டிச்சே, உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் செய்த கண் சிவந்திருந்தது. என் கணவர் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தேன்.

"அப்ப நான் உன்னக் கட்டாயப்படுத்திட்டேன்னு சொல்றியா?"

"இல்ல. நீங்க கேக்கல. அவ்வளவுதான் சொல்றேன்."

"எங்கள யாரு கேட்டாங்க? என்ன யாரு கேட்டா?" என்றார் அண்ணி. அதை அவர் சண்டைக்குத்தான் சொன்னார். சொன்னபின் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாசல் பக்கமிருந்து அவர் மகன் தலையைத் தூக்காமல், "என்னயும்தான் யாரும் கேக்கலம்மா," என்றான்.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு என் மகளை அண்ணாந்து பார்த்து, பரீட்சை கேள்வி படிக்கிற மாதிரி விறைப்பாகக் கேட்டார்.

"கண்ணு, என் புள்ளய கட்டிக்க உனக்கு இஷ்டமா?"

மகள் முந்தானையைச் சரிசெய்தாள். "எனக்கு ஒரு மாசம் டைம் வேணும் அத்த. பாவாகிட்டயும் கொஞ்சம் பேசணும். இஷ்டம்னா நானே வந்து சொல்றேன். இல்லன்னாலும் நானே வந்து சொல்றேன்."

நான் வெறும் இரண்டு நாள்தான் கேட்க இருந்தேன். இவள் ஒரு மாதம் கேட்டாள். ஸ்டூலில் இன்னும் நேராக உட்கார்ந்தேன்.

அண்ணி வாங்கிய பூவை வீணாக்குகிறவர் இல்லை. சாமி படத்துக்குப் போடப் போனார். படம் உயரத்தில் மாட்டியிருந்தது. கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பாமலே, "அந்த ஸ்டூலக் குடு," என்றார். எழுந்து கொடுத்தேன். அவர் ஏறும்போது விழாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டேன், அவரும் உதறவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மகனோடு பைக்கில் அம்மையார்குப்பம் போய்விட்டார். தறித் தூசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போதும் ஏழரை மணிக்குப் போன் செய்கிறார். சீரியலில் அந்தப் பெண் அவனுக்குக் காபி போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்," என்கிறார். காபி கொடுத்ததால் தாலி சரியாகிவிடாது என்று நான் சொல்கிறேன். டைரக்டர் நாளைக்கே வந்து வேறு விளக்கம் கொடுத்தாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஸ்டூடியோவில் சிரிப்பு ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். முதலாளி முணுமுணுக்கிறார். மகள் கேட்ட மாதத்தில் இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து நின்றார். நான் எடுத்துக் கொடுத்த துணிகளைத் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டார். கடைசிச் சட்டைக்கு வந்தபோது கேட்டார்.

"அன்னிக்கு அக்கா கேட்டிருந்தா, நீ இன்னா சொல்லியிருப்பே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்து நான்கு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கேட்டிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றேன். "எனக்கும் தெரிஞ்சிருக்கும்."